சின்னக் கோயிலுக்குப் பெஞ்சு வருவதற்குள்

அம்மாவின் கல்யாணத்துக்கு ஓலை வாசித்து வாசித்து எங்கள் போதகருக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. கடைசிச் சுற்றில் அவர் தாளைப் பார்க்கவேயில்லை. மாப்பிள்ளை பேர், பெண் பேர் எல்லாவற்றையும் எங்களைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று சொல்லி முடித்தார்.

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் முதலில் ஓலை. அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இருவர் பேரையும் வாசித்து, "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று போதகர் கேட்பார். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். வெளியே போய் டீ குடிக்கும்போதுதான் திறப்பார்கள். மூன்று ஓலையும் முடிந்ததும் குறிப்பிட்ட காலத்துக்குள் தாலி கட்டியாக வேண்டும். தவறினால் ஓலை காலாவதி. பிரெட் பாக்கெட் மாதிரி தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அறுபதைத் தாண்டிய என் அம்மாவுக்கு அப்படி மூன்று சுற்று வாசித்தார்கள். கொடைக்கானலில் அம்மாவின் கல்யாணத்தைப் பற்றித் தெரியாதவர்கள் என்றால் அது அந்தந்த வாரம் வந்திறங்கிய டூரிஸ்ட்டுகள் மட்டும்தான்.

நான் மகள். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். "மேடம், மிஸ்ட் எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்பவர்களுக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்வது என் சோலி. அதனால் எனக்குப் பொறுமை அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் அந்த நினைப்பு கிடையாது. நாற்பதை நெருங்கும் என்னைத்தான் எங்கள் சபையில் இளைஞர் பிரதிநிதி என்று வைத்திருக்கிறார்கள். எனக்குக் கீழே உள்ளவர்கள் எல்லாம் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

கோயில் என்று நான் சொல்வது எங்கள் சேப்பலை. ஊரில் பெரிய கோயில்கள் இருப்பதால் இதற்குச் சின்னக் கோயில் என்றே பேர். பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் குறுக்குச் சந்தில், இரண்டு லாட்ஜுக்கும் ஒரு சாக்லேட் கடைக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. கீழே வெயில் தாங்காமல் மலையேறி வந்த வெள்ளைக்காரர்கள் கட்டியது. ஏப்ரலில் வருவார்கள், ஜூனில் மழைக்கு முன்னால் மூட்டை கட்டிவிடுவார்கள். ஆக, அவர்களுக்குத் தெரிந்த கொடைக்கானல் இரண்டே மாதம். சமவெளியில் வெந்த கோபத்தில், சூரியன் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று கனத்த கல்சுவர் எழுப்பி, கூர்நுனி ஜன்னல்களை ஒடுக்கமாக வைத்துவிட்டுப் போனார்கள். வருஷத்தில் பாதி நாள் வெயிலைத் தேடி அலைகிற எங்கள் தலையில் அந்தக் கட்டடம் வந்து விழுந்தது. ஆராதனை முடிந்த கையோடு சபை மொத்தமும் எதிர் மதிலில் போய் வெயிலுக்கு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கூரை அப்போது தகரம். மே மாதத்தில் தகரம் வாயே திறக்காது. ஜூலையில் மழை இறங்கினால் பிரசங்கம் ஒரு சொல் கேட்காது. போதகர் நிறுத்துவார். மழை விட்டதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். பிரசங்கத்தில் கப்பல் ஏறியவர்கள் கரை சேர்வதற்குள் எங்களுக்குப் பசி வந்துவிடும்.

வாசல் இரண்டு. மேற்கே பெரிய வாசல். அதிலிருந்து ஆல்டர், அதாவது பலிபீடம் வரைக்கும் அப்போது நேராக நடுப்பாதை, சிவப்புக் கயிற்றுப்பாய் விரித்தது. இரண்டு பக்கமும் குட்டைப் பெஞ்சுகள். வடக்கே சுவரோரமாக ஒரு சின்ன வாசல். துரைமார்களும் துரைசாணிகளும் பெரிய வாசலில் நுழைந்து நடுப்பாதையில் வருவார்களாம். அவர்களுடைய சமையல்காரர்களும் ஆயாக்களும் தோட்டக்காரர்களும் வடக்கு வாசலில் நுழைந்து, சுவரை ஒட்டியே போய், பின்னால் உட்கார வேண்டுமாம். அந்தச் சமையல்காரர்களும் ஆயாக்களும்தான் எங்கள் ஆட்கள். துரைமார்கள் போய், கோயில் எங்கள் கைக்கு வந்து எவ்வளவோ காலம் ஆகியும் பழக்கம் மட்டும் போகவில்லை. பெரிய வாசல் ஆவென்று திறந்து கிடந்தாலும் சுற்றிக்கொண்டு போய் வடக்கு வாசலில்தான் நுழைவோம். நடுப்பாதையில் போவது மூன்றே பேர்: போதகர், கல்யாணப் பெண், சவப்பெட்டி.

அம்மா அதில் ஒருமுறைகூட நடந்ததில்லை. இத்தனைக்கும் சனிக்கிழமைதோறும் கோயிலுக்குப் பூ வைப்பது அவள்தான். ஊரில் எத்தனையோ பெண்களின் கல்யாணத்துக்கு அந்தப் பாதையின் இரண்டு பக்கமும் பூக்கட்டு கட்டியிருக்கிறாள். பாயைப் பெருக்கும்போதுகூட ஓரத்தில் நின்று கையை நீட்டித்தான் பெருக்குவாள்.

அவளுடைய முதல் கல்யாணம் ஆஸ்பத்திரி வார்டில் நடந்தது. அப்பாவின் அப்பாவுக்கு நெஞ்சுவலி. இன்றைக்கோ நாளைக்கோ என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கண் மூடுவதற்குள் மகன் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் அழுதார். போதகரைக் கூட்டிவந்து கட்டிலுக்குப் பக்கத்திலேயே தாலி கட்டி முடித்துவிட்டார்கள். "ஒரு கையில பூச்செண்டு, இன்னொரு கையில குளுக்கோஸ் ஸ்டாண்டு" என்பாள் அம்மா. அடுத்த வாரம் மாமனார் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். அதற்கப்புறம் என் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கெல்லாம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிற அளவுக்கு ஆயுசோடு இருந்தார். நான் காலேஜில் இருந்தபோது அப்பா இறந்தார். அப்பாவின் பெட்டி நடுப்பாதையில் போனது. அம்மா சுவரை ஒட்டி நடந்து கூடவே போனாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

மாப்பிள்ளை, அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர். அவர் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து திரும்பி வந்தது. மனைவி தவறிப் பல வருஷம் ஆயிற்று. இரண்டு பையன்கள் திருப்பூரில் இருக்கிறார்கள். கூக்கால் கிராமத்துக்கு டிரிப் ஓட்டின காலத்தில், அங்கே ஓடையோரம் பூத்துக் கிடக்கும் வெள்ளை லில்லியைக் கட்டாகக் கொண்டுவந்து சனிக்கிழமை கோயில் வாசலில் வைத்துவிட்டுப் போவார். ஓய்வு பெற்ற பிறகும் லில்லி நிற்கவில்லை. இப்போது டிக்கெட் எடுத்து அதே பஸ்ஸில் போய்ப் பறித்துக்கொண்டு வந்தார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஒருநாள் அம்மா பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். "ஏண்டி, நான் அவரக் கட்டிக்கிடலாம்னு இருக்கேன். ஒனக்கு ஏதும் கஷ்டமா?"

"எனக்கென்ன கஷ்டம்? அவருக்குக் கஷ்டமில்லையான்னு கேட்டியா?" என்றேன். ஒரு முழுப் பூண்டு பறந்து வந்தது. மலைப்பூண்டு, நெற்றியில் பட்டால் வலிக்கும்.

உண்மையில் எனக்குச் சந்தோஷம்தான். அம்மாவிடம் ஒரு மனுஷர் இத்தனை நாள் பேசி, உயிரோடு இருந்து, சம்மதமும் வாங்கியிருக்கிறாரே! அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. கல்யாணம் சின்னக் கோயிலில்தான் நடக்க வேண்டும். பெரிய வாசலில் நுழைந்து நடுப்பாதையில் நடந்துதான் வருவாள். "மூணுல நான் போதகர் ஆக முடியாது. பெட்டியில எப்படியும் ஒருநா போவேன். அதுக்கு முன்னாடி ஒருவாட்டி காலால நடந்து போயிரணும்" என்றாள்.

அதற்குத் தடங்கலாக ஒரு விஷயம் இருந்தது. அந்த வருஷ ஐப்பசி மழையில், கோயிலுக்குப் பின்னால் நின்ற யூகலிப்டஸ் மரம் வேரோடு சாய்ந்து, கூரையை நட்டநடுவில் பிளந்துகொண்டு உள்ளே படுத்திருந்தது. பெஞ்சுகள் சிராய் சிராயாகக் கிடந்தன. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. கல்சுவர்களுக்கும் ஆல்டர் கல்லுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. துரைமார்களை எவ்வளவு திட்டினாலும் சுவர் கட்டத் தெரிந்தவர்கள் என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆராதனையைப் பக்கத்துப் பள்ளி ஹாலுக்கு மாற்றினோம். "ஹால்லயே கல்யாணத்த வெச்சுக்கலாமேம்மா" என்று பாதி ஊர் சொல்லிப் பார்த்தது. "ஹால்ல பொருட்காட்சி வைக்கலாம்" என்றாள் அம்மா.

கமிட்டி போட்டோம். செயலாளர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். யாராவது பேசினால் இப்போதும் காதைத் திருகிவிடுவார் என்று எனக்குப் பயமாக இருக்கும். மலையில் புதுக் கட்டடம் என்றால் ஆயிரம் அனுமதி கேட்பார்கள் என்பதால், போகிற வருகிற இடத்திலெல்லாம் அவர் ஒரே பாட்டு: "இது புதுசு இல்லைங்க. வெறும் மராமத்து."

இந்த மராமத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் வந்தார். எங்கள் ஆட்கள் செய்த தப்பு, அவரை மே மாதத்தில் வரச் சொன்னது. இதை வேறு எந்த ஊர்க்காரர்களும் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் கடை திறந்தாலும் கக்கூஸ் கட்டினாலும் சீசனை நினைத்துத்தான் கட்டுவோம். விருந்தாளி என்றால் சீசனில்தான் கூப்பிடுவோம், வியூ நன்றாகத் தெரியுமே! அந்த ஆர்க்கிடெக்ட் பிள்ளை வந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் இடமில்லாமல் வாசல் வரைக்கும் கூட்டம். மதுரை, திருச்சி, கேரளா என்று சீசனுக்கு வந்த குடும்பங்கள். அதைப் பார்த்துவிட்டு, "உங்க முக்கியப் பிரச்சினை சீட்டிங்" என்று முடிவு கட்டிவிட்டார். நவம்பரில் வந்திருந்தால் போதகரையும் எங்கள் பத்து இருபது பேரையும் மழையையும் பார்த்திருப்பார். அவரோடு கமிட்டி உட்கார்ந்து பேசிய கூட்டத்துக்கு நான் போகவில்லை. லாட்ஜில் எனக்கும் சீசன்.

கான்ட்ராக்டர் ஈஸ்டருக்குள் முடித்துவிடலாம் என்றார். அந்த வாக்கை நம்பி முதல் சுற்று ஓலை வாசித்தாகிவிட்டது. எந்த ஈஸ்டர் என்று ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. ஈஸ்டர் வந்தது, போனது. தகரம் பிரித்த கோயில் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. ஓலை காலாவதி. இரும்புச் சட்டம் வந்து இறங்கியதும் தைரியம் வந்து, இரண்டாம் சுற்று வாசித்தார்கள். "தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று போதகர் சொல்லி முடிக்கவில்லை, அம்மா எழுந்து நின்றாள்.

"தடை இருக்குங்கய்யா."

ஹாலில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. ஆண்டவரே, இதென்ன புதுக் கூத்து!

"என்ன தடைம்மா?"

"கூரை. அத யாரு நிவர்த்தி பண்றதுன்னு அப்படியே கேட்டுச் சொல்லிருங்க."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். கடைசி வரிசையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். செயலாளரின் காது மடல் சிவந்துபோயிற்று. அந்த ஓலையும் காலாவதி ஆனது.

பிறகு ஒருநாள் கோயில் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். புதுப்பிக்கப்பட்ட பின் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்த படம். மேலே ஓட்டுக் கூரை, பழைய கல்சுவருக்கும் கூரைக்கும் நடுவே சுற்றிலும் கண்ணாடிப் பட்டை, உள்ளே வெயில் பால் மாதிரி கொட்டிக் கிடந்தது. அழகு என்றால் அழகு. படத்தில் இருந்த மனிதர்களில் ஒருவர்கூட ஸ்வெட்டர் போடவில்லை, அது ஒன்றுதான் உறுத்தியது. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மூக்கு ஃப்ளெக்ஸில் படுகிற மாதிரி நின்று பார்த்தாள்.

"ஏண்டி, பொண்ணு எந்த வழியா வருவா?"

"பெரிய வாசல் வழியாத்தான்."

"வந்து?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். பெஞ்சுகள் சுவருக்குச் சுவர் ஒரே நீளமாகக் கிடந்தன. நடுப்பாதையே இல்லை. இரண்டு ஓரத்திலும் சுவரை ஒட்டி ஆள் போகிற மாதிரி இடம் விட்டிருந்தது, அவ்வளவுதான். பெரிய வாசலில் நுழைந்தால் நேராகக் கடைசி பெஞ்சின் முதுகில் போய் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அம்மா சண்டைக்குப் போகாமல் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். அதுதான் ஆபத்து. அன்றைக்குச் சாயங்காலம் ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பியோடு கமிட்டிக் கூட்டத்துக்குள் நுழைந்து, எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து ஆரம்பித்தாள்.

"நடுப்பாதைய ஏன் தூக்குனீங்க?"

"சீட்டு பத்தலைம்மா" என்றார் செயலாளர். "நடுவுல வழி விட்டா அவ்வளவு எடமும் வீண். சீசன்ல வர்ற சனம் எங்க ஒக்காரும்?"

"சீசனுக்கு வர்றவுக ரெண்டு மாசம் வருவாக. நாங்க மழையிலயும் பனியிலயும் வர்றோம். கட்டுனவுகளும் ரெண்டு மாசத்துக்குன்னு கட்டிட்டுப் போனாக, நீங்களும் ரெண்டு மாசத்துக்கே கட்டுறீகளே?"

"ஒரு நாளக் கல்யாணத்துக்காகப் பிளானையே மாத்த முடியுமா?"

"எங்களத்தான் அந்தக் காலத்துல ஓரமாப் போகச் சொன்னாக. இப்ப யாரு சொல்றா? நாமளே நம்மளச் சொல்லிக்கிடறோமா?"

எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. இளைஞர் பிரதிநிதி அப்படிச் செய்யலாமா என்று தெரியாமல், "அம்மா சொல்றது சரிதானே" என்று மட்டும் உரக்கச் சொன்னேன். போதகர் தலையாட்டினார். ஆனால் செயலாளர் எழுந்து விஷயத்தை உடைத்துவிட்டார். பெஞ்சுகள் வத்தலகுண்டு மரப்பட்டறையில் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் சுவருக்குச் சுவர் நீளம். வெட்டினால் நிற்காது, கால் வைத்திருக்கும் இடம் அப்படி. பணமும் கொடுத்தாயிற்று. கையெடுத்துக் கும்பிட்டு, "இனி ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார். மனுஷருக்கு வருத்தம்தான், பொய்யில்லை.

வரும் வழியில் அம்மா ஃபிளாஸ்கை ஆட்டிக்கொண்டே நடந்தாள். வீட்டுக்கு வந்து, "பெட்டியவும் சைடாத்தான் திருப்பித் திருப்பிக் கொண்டு போகணும். செத்தவுகளுக்குத் தல சுத்தும்" என்றாள். சிரிப்பேன் என்று பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

மூன்றாம் சுற்று ஓலையை மாப்பிள்ளைக்காகத்தான் ஒத்துக்கொண்டாள். பாவம், அந்த மனிதர் எவ்வளவு காலம் லில்லி பறிப்பார்? ஹாலிலேயே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அப்படிச் சொன்ன பிறகு ஊரில் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை, வீடே நன்றாக இல்லை.

மூன்றாம் ஓலை முடிந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. வத்தலகுண்டு ரோட்டில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. பஸ்ஸெல்லாம் பழனி ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தன. லாட்ஜில் ஒரே கேன்சல். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயில் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். கூரை முடிந்திருந்தது. கண்ணாடிக்குப் பதிலாக பிளாஸ்டிக் தாள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தரைக்குச் சாம்பல் நிறக் கல் பதித்துப் பாலிஷ் போட்டிருந்தார்கள். பெரிய வாசலைத் தள்ளினேன். இந்தக் கோடியிலிருந்து ஆல்டர் வரைக்கும் வெறும் தரை. ஒரு நாற்காலிகூட இல்லை.

அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"பெஞ்சு எங்க?"

"வத்தலகுண்டுல லாரியில ஏத்தி நிக்குதாம். ரோடு சரியானாத்தான் வரும்."

"ரோடு எப்ப சரியாகும்?"

"ரெண்டு மூணு நாளாகும்கிறாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "அப்ப நாளைக்கழிச்சு கல்யாணம்" என்றாள். "வெரசா வா, சோலி தலைக்கு மேல கெடக்கு."

மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு, "நான் எப்பவோ ரெடிங்க. நீங்கதான் இன்னும் ஸ்டாப்பிங்குக்கு வரல்ல" என்றார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. செயலாளர். ஸ்பீக்கரில் போட்டார். பெஞ்சு லாரி வீணாக நிற்கிறதே, பழனி ரோடு வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தால் என்ன, அந்த வளைவுகளில் லாரி திரும்புமா என்று கேட்டார். மலை ரோடு விஷயத்தில் எங்கள் ஊரில் இவர் சொன்னதுதான் சட்டம்.

மாப்பிள்ளை ஒரு சுளையை வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"ம்ஹூம். திரும்பாதுங்க சார்" என்றார்.

"அப்படியா? சரி, நீங்க சொன்னா சரிதான்."

போன் அடங்கியதும் நான் அவரை முறைத்தேன். "அங்கிள், அந்த ரோட்டுல பஸ்ஸே ஓட்டியிருக்கீங்களே நீங்க!"

"பஸ் திரும்பும் பாப்பா. அவரு லாரியத்தானே கேட்டாரு" என்று எனக்கும் ஒரு சுளை நீட்டினார். அடப்பாவி மனுஷா என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் அவரை எனக்கு முழுசாகப் பிடித்துப்போனது.

செயலாளருக்கு விஷயம் தெரிந்ததும் ஆடித்தான் போனார். புதுக் கோயில், இன்னும் பிரதிஷ்டை ஆகவில்லை, பேராயர் வந்து ஜெபம் செய்து திறப்பதற்கு முன் உள்ளே கல்யாணமா என்று போதகரிடம் போய் நின்றார். போதகர் சாதுவான ஆள். அவர் வாயிலிருந்து இது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எது புதுக் கோயில்? சுவரு பழசு, ஆல்டர் பழசு. ஊரெல்லாம் நீங்கதானே சார் சொன்னீங்க, இது வெறும் மராமத்துன்னு?"

செயலாளர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் கல்யாணத்துக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றதும் அவர்தான்.

பிற்பாடு ரோடு சரியாகி அந்தப் பெஞ்சுகள் வந்து சேர்ந்தன. நல்ல பெஞ்சுகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. சீசனில் எல்லாருக்கும் இடம் கிடைக்கிறது. மற்ற மாதங்களில் ஒரு பெஞ்சுக்கு ஒரு ஆள் என்று உட்கார்ந்திருக்கிறோம். கல்யாணப் பெண்கள் இப்போது இடது சுவரை ஒட்டி வருகிறார்கள். போட்டோக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

கல்யாணத்தன்று அம்மா வெள்ளனே எழுந்து தானே போய்ப் பூ வைத்துவிட்டு வந்தாள். "இன்னைக்காவது வேற யாரையாவது விடேன்" என்றதற்கு, "அவுக வெச்சா கோணலா வெப்பாக" என்றாள். வெளிர் ரோஜா நிறப் பட்டுச்சேலை, உள்ளே குளிருக்கு முழுக்கைத் தெர்மல் பனியன். திருப்பூர்ப் பையன்கள் பழனி வழியாக வந்து சேர்ந்து, வளைவுகளில் வாந்தி எடுத்த முகத்தோடு அப்பா பக்கத்தில் நின்றார்கள். உட்கார இடமில்லை. வந்த சனமெல்லாம் வழக்கம்போல வடக்கு வாசலில் நுழைந்து, ஒருவரும் சொல்லாமலே இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டி நின்றுகொண்டது. நடுவில் தரை முழுக்கக் காலி.

நானும் அம்மாவும் பெரிய வாசலில் நுழைந்தோம். பிளாஸ்டிக் தாள் இடுக்கில் பனி உள்ளே வந்து, பாலிஷ் போட்ட கல் ஈரமாகிக் கிடந்தது. எனக்கு உயிரே போயிற்று. இந்த வயதில் விழுந்தால் இடுப்பு என்னாவது! "அம்மா, வழுக்கும். பாத்து. கீழ பாத்து வா. கீழ பாத்து வா" என்று அவள் கையை இறுக்கிப் பிடித்து, முணுமுணுத்துக்கொண்டே நடத்திக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். அப்பாடா என்று மூச்சு விட்டேன். மாப்பிள்ளை சட்டைக் காலரைச் சரி செய்தார். போதகர் புத்தகத்தைத் திறந்தார்.

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா, ஒரு நிமிசம் பொறுங்க."

"என்னம்மா?"

"தரையப் பாத்துக்கிட்டே வந்துட்டேன். ஒண்ணையும் பாக்கல. இன்னொரு தரம் வந்துக்கிறேன்."

என் கையை விடுவித்துக்கொண்டாள். திரும்பிப் போகும்போது நடுவில் போகவில்லை. சுவரோரமாக, நின்றவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு போனாள். சபையில் குசுகுசுவென்று கிளம்பிவிட்டது. பெண் மனசு மாறி ஓடுகிறாள் என்றே பாதிப் பேர் நினைத்தார்கள். திருப்பூர்ப் பையன்களில் சின்னவன் பதறி, "என்னாப்பா ஆச்சு?" என்றான்.

"ஒண்ணுமில்ல" என்றார் மாப்பிள்ளை. "ரிவர்ஸ் எடுக்கிறாங்க."

அம்மா பெரிய வாசலில் போய் நின்றாள். பின்னால் சந்தே தெரியாத அளவுக்குப் பனி. செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு, தனியாக, தரையின் நட்டநடுவில் நடந்து வர ஆரம்பித்தாள்.

இப்படி மெதுவாக நடக்கிற கல்யாணப் பெண்ணை நான் பார்த்ததேயில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஒடுக்கமான ஜன்னல்களைப் பார்த்தாள். தான் கட்டிய பூவை நின்று பார்த்து, ஒரு காம்பு சரிந்திருந்ததோ என்னவோ, போகட்டும் என்று விட்டுவிட்டாள். இந்தப் பக்கம் நிற்பவர்களையும் அந்தப் பக்கம் நிற்பவர்களையும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சிலரைப் பார்த்துச் சிரித்தாள். செயலாளரைப் பார்த்தும் சிரித்தாள். அவர் காலடியில் கிடந்த குடையை அவசரமாக எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அடக்கவும் நினைக்கவில்லை, சத்தமாகவே அழுதேன். ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

அவள் வந்து மாப்பிள்ளை பக்கத்தில் நின்றதும் போதகர் மெதுவாகக் கேட்டார், "ஆரம்பிக்கலாமாம்மா?"

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"ஆரம்பிங்கய்யா" என்றாள். "இப்ப வந்துட்டேன்."